பூட்டிய அறையும் புதிய விருந்தாளியும்

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரைக்குடியில் காலைத் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்திற்கு வந்த நம்மை, நடுத்தர வயதினர் ஒருவர் அணுகினார். கையில் மடித்து மடித்து நைந்துபோன செய்தித்தாள் துண்டு ஒன்று. அருகே அவருடைய வயது முதிர்ந்த தாயார். சற்றுத் தள்ளி, வேப்பமரத்தடியில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் கையைப் பற்றியபடி அவர் மனைவி நின்றிருந்தார்.

"ஐயா, என் மகனுக்குப் பிறவியிலேயே இரத்தம் உறையாத நோய். வேலூரில் இதற்குப் புது வைத்தியம் கண்டுபிடித்திருக்கிறார்களாம். ஆனால், அந்த மருந்தை எய்ட்ஸ் கிருமியின் இனத்திலிருந்துதான் செய்கிறார்களாமே! இது மெய்யா?" என்று கேட்டார்.

நாம் வாய் திறக்குமுன் முதியவர் குறுக்கிட்டார்: "அந்தக் கிருமிய ஏத்தி நம்ம வம்சத்து ரத்தத்தையே மாத்தணுமா தம்பி? புள்ள இப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

மரத்தடியில் நின்ற தாய் ஒன்றும் பேசவில்லை. தலை மட்டும் தாழ்ந்தது.

கேள்வி எளிது, விடை எளிதன்று. "படித்துத் தெரிந்துகொண்டு சொல்கிறோம், அப்பத்தா" என்று விடைபெற்றோம். பின்னர் அக்குடும்பத்தார்க்கு நாம் கூறிய விடையையே, நம் வாசகக் குடும்பங்கள் அனைத்திற்கும் பயன்படும் என்று கருதி இங்கே விரித்து எழுதுகின்றோம்.

உறையாத இரத்தம்

கையில் சிறு கீறல் பட்டால் இரத்தம் வடிகிறது. சற்று நேரத்தில் உறைந்து நின்றுவிடுகிறது. இரத்தத்திலுள்ள பல புரதப்பொருள்கள் சங்கிலிக் கண்ணிகள்போல ஒன்றையொன்று தூண்டுவதாலேயே இது நிகழ்கிறது. அச்சங்கிலியில் எட்டாம் எண் கொண்ட பொருள் பிறவியிலேயே குறைந்திருப்பின் அது 'ஹீமோபிலியா ஏ' எனப்படும். ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளுக்கு ஒன்று இக்குறையுடன் பிறக்கிறது. வெளிக்காயத்தைவிட உட்கசிவே இதில் கொடியது. முழங்காலிலும் முழங்கையிலும் இரத்தம் மீண்டும் மீண்டும் கசிந்து தேங்கி, மூட்டையே முடக்கிவிடும்.

எட்டாம் பொருளை உருவாக்கும் மரபணு, தாயிடமிருந்து மகனுக்கு வரும் எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளது. ஆகவே தாய்க்கு நோயின் துன்பம் பெரும்பாலும் இல்லாவிடினும் மகனுக்கு நோய் வரலாம். இதைக் கொண்டு மருமகளைப் பழிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. எத்துணைக் கொடுமை! தாய் இதைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. அன்றியும், நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முன்னோர் எவருக்கும் இந்நோய் இல்லாத குடும்பங்களில், மரபணுவில் புதிதாக நேர்ந்த பிழையால் பிறந்தவர்களே.

குறைந்த பொருளை ஊசிவழி ஏற்றுவதே இதுவரை வழக்கமான மருத்துவம். ஏற்றிய பொருள் சில நாளில் கரைந்துவிடும். மீண்டும் ஏற்ற வேண்டும். பிழைபட்ட மரபணுவுக்குப் பதிலாக நல்ல மரபணு ஒன்றை உடலின் உயிரணுவுக்குள் வைத்துவிட்டால், உடலே அப்பொருளைச் செய்துகொள்ளுமன்றோ? இதுவே மருத்துவ மேதைகளின் கனவு. ஆனால் அம்மரபணுவை வைக்கவேண்டிய இடம் எளிதில் நுழையக்கூடிய இடமன்று.

செட்டிநாட்டு வீடும் உயிரணுவும்

நம் பகுதியின் பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவை ஒட்டித் திண்ணை, அதைக் கடந்தால் தேக்கு நிலைக்கதவு, பின் முகப்பு, அதன்பின் வானம் பார்த்த வளவு. வளவைச் சுற்றி அறைகள், அவற்றினுள்ளும் உள்ளறைகள். வீட்டின் பத்திரங்களும் நகைகளும் அங்கேதான் பூட்டப்பட்டிருக்கும். திண்ணை வரை யாரும் வரலாம்; வளவு வரை உறவினர் வரலாம்; உள்ளறைக்குள் வீட்டாரன்றி எவரும் போவதில்லை.

உயிரணுவும் அத்தகைய வீடே. அதன் வெளிச்சவ்வு நிலைக்கதவு. உள்ளே நிறைந்திருக்கும் குழம்பு வளவு. நடுவிலுள்ள உட்கரு பூட்டிய அறை. நம் உடலின் பத்திரமாகிய டி.என்.ஏ. இழை அங்கேதான் இருக்கிறது. ஒரே உயிரணுவிலுள்ள இழையை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமே உள்ள அறைக்குள் அதைச் சுருட்டி வைத்திருக்கும் படைப்பின் நுட்பத்தை என்னென்பது!

அவ்வறையைச் சுற்றி இரட்டைச் சவ்வு. அதில் சில ஆயிரம் நுண்துளைகள். ஒவ்வொரு துளையும் வெறும் ஓட்டையன்று. ஏறத்தாழ 30 வகையான, 1,000 அளவிலான புரதத் துண்டுகளால் கட்டப்பட்ட வாயில். அதன் நடுவே மெல்லிய நார்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. சிறு பொருள்கள் தாமாகவே புகுந்து செல்லும். பெரும்பொருள்கள் வாயிற்காவலரைத் துணைக்கொண்டே செல்ல முடியும். 'இம்போர்ட்டின்' எனப்படும் ஏவற்புரதங்களே அக்காவலர். உள்ளே போகவேண்டிய பொருளில் ஓர் அடையாளச் சீட்டு இருக்கும். காவலர் அதைப் படித்து, கைப்பிடித்து அழைத்துச் செல்வர். சீட்டில்லாதவருக்கு அனுமதியில்லை.

அயலான டி.என்.ஏ. இழையின் நிலை என்ன? அமெரிக்க விஞ்ஞானி மரியோ கபெக்கி 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. மெல்லிய கண்ணாடி ஊசியால் உயிரணுக்களின் உட்கருவுக்குள்ளேயே டி.என்.ஏ.வைச் செலுத்தியபோது, பாதிக்கு மேற்பட்ட உயிரணுக்களில் அது வேலை செய்தது. அதே டி.என்.ஏ.வை வெளிக்குழம்பில் விட்டபோதோ, ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிரணுக்களில் ஒன்றில்கூட வேலை செய்யவில்லை. வளவு வரை வந்த விருந்தாளி உள்ளறையை எட்ட முடியவில்லை!

பாகப்பிரிவினை நாள்

ஆயினும் எல்லா வீட்டிலும் ஒரு நாள் உள்ளறை திறக்கப்படுகிறது. பாகப்பிரிவினை நாள்தான் அது. பத்திரங்கள் யாவும் வளவுக்கு வருகின்றன, ஊரார் கூடுகின்றனர், யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்று கவனிப்பாரில்லை.

உயிரணு இரண்டாகப் பிரியும்போதும் இதுவே நிகழ்கிறது. உட்கருவின் சவ்வு கரைந்து, டி.என்.ஏ. வெளிப்பட்டு, இரு பங்காகி, பின்னர் புதிய சவ்வு உருவாகிறது. அந்த இடைவேளையில் வெளியே காத்திருக்கும் அயல் டி.என்.ஏ.வும் உள்ளே மாட்டிக்கொள்ளலாம். எலிகளுக்கு இரத்தப்புற்று உண்டாக்கும் ஒருவகை வைரஸ் இந்நாளுக்காகவே காத்திருக்கும். பிரியாத உயிரணுவில் அதனால் ஒன்றும் செய்ய இயலாது.

நம் உடலிலோ என்றும் பாகம் பிரியாத கூட்டுக்குடும்பங்கள் பல உண்டு. மூளையின் நரம்பணுக்கள் நம்முடன் பிறந்து நம்முடன் மடிகின்றன. இதயத் தசையின் அணுக்கள் மிக அரிதாகவே பிரிகின்றன. குருதியின் தாயணுக்களாகிய எலும்பு மஜ்ஜைத் தண்டணுக்களும் பெரும்பாலும் உறங்கிக்கொண்டே இருக்கின்றன. இவற்றின் உள்ளறையைத் திறப்பது எங்ஙனம்?

இக்கலையை மனிதன் கண்டுபிடிக்குமுன் கிருமிகள் கண்டுபிடித்திருந்தன. அவற்றுள் தலைசிறந்த கள்வன் எய்ட்ஸ் நோயை விளைக்கும் எச்.ஐ.வி.

கள்வனின் திறவுகோல்

இக்கிருமியின் மரபுச்செய்தி மிகச் சிறிது; 9 மரபணுக்களே. அதைக் கூம்பு வடிவப் பேழை ஒன்று பொதிந்து காக்கிறது. ஒரே வகைப் புரதத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் அறுகோணமாக அடுக்கப்பட்டு, இடையிடையே சரியாக 12 ஐங்கோணங்கள் சேர்ந்து பேழை மூடப்படுகிறது. நம் பிள்ளைகள் உதைத்தாடும் காற்பந்தைத் தைப்பதும் இக்கணக்கின்படியே.

பேழையின் அகலப்பகுதி ஏறத்தாழ 60 நானோமீட்டர். உட்கருவின் வாயிலோ அதைவிடக் குறுகியது என்றே நெடுங்காலம் எண்ணினர். ஆதலால், பேழை வெளியிலேயே உடைந்து, உள்ளிருக்கும் சரக்கு மட்டும் நுழைகிறது என்று பாடநூல்கள் கூறின. 2021இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகர ஆய்வாளர்கள், உயிரணுக்களை உறைய வைத்து மின்னணு நுண்ணோக்கியால் படமெடுத்தனர். என்ன வியப்பு! வாயில் அகன்று கொடுக்கிறது. பேழை உடையாமலே உள்ளே போகிறது. 2024இல் ஆஸ்திரேலியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வெளிவந்த இரு ஆய்வுகள் இதன் மருமத்தை விளக்கின. பேழையின் மேற்புறமே வாயிற்காவலரின் உடையணிந்ததுபோல் அமைந்துள்ளதாம்! வாயிலின் நார்வலை அதைத் தன்னவன் என்று கருதி வழிவிடுகிறது. உள்ளே சென்றபின் பேழை திறக்கிறது; கிருமியின் செய்தி நம் டி.என்.ஏ. இழையோடு ஒட்டிக்கொள்கிறது.

கள்வனின் திறவுகோலை அறிந்தால் பூட்டை மாற்றிவிடலாமன்றோ? இப்பேழையையே குறிவைத்து உருவாக்கப்பட்ட 'லெனகாபவிர்' என்னும் மருந்தை ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஊசியாக ஏற்றிக்கொண்ட 2,134 இளம்பெண்களுள் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்றவில்லை என்று, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வு 2024இல் அறிவித்தது.

சென்னையிலிருந்து வேலூருக்கு

இந்நோய் நம் நாட்டில் முதன்முதல் கண்டறியப்பட்டதும் தமிழகத்தில்தான். 1986ஆம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவை இவ்வாய்வில் ஈடுபடுத்தினார். "அது மேலைநாட்டு நோய், நம் நாட்டுக்கு வராது" என்று பெரும்பாலோர் கூறிய காலம் அது. அரசு இல்லம் ஒன்றில் இருந்த பெண்களிடம் நிர்மலா இரத்தம் பெற்றார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. இரத்த மாதிரிகளோடு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பயணமானார். அங்கே சோதித்ததில் 6 பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. நாடே அதிர்ந்தது.

அந்த அறுவரும் வறுமையாலும் வஞ்சகத்தாலும் வாழ்வை இழந்த ஏழைப் பெண்கள். ஊர் அவர்களை மறந்தாலும், நாட்டை எச்சரித்தது அவர்கள் சிந்திய இரத்தமே என்பதை நாம் மறக்கலாகாது. டாக்டர் சுனிதி 1993இல் சென்னையில் ஒரு நிலையம் தொடங்கி, பிறர் தொடவும் அஞ்சிய நோயாளிகளை 2015இல் இறக்கும்வரை பேணினார்.

அதே ஆண்டுகளில் மேலைநாடுகளில் மற்றொரு துயரம் நிகழ்ந்துகொண்டிருந்தது. ஹீமோபிலியா நோயாளிகளுக்கு ஏற்றப்பட்ட எட்டாம் பொருள், ஆயிரக்கணக்கானோரின் இரத்தத்தைச் சேர்த்து வடித்தெடுக்கப்பட்டதாகும். அதில் எச்.ஐ.வி.யும் கலந்து வந்தது. அமெரிக்காவில் அந்நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தொற்றுக்கு ஆளாயினர். காக்க வந்த மருந்தே கூற்றுவனாயிற்று. ஆகவே, ஆலய முற்றத்தில் அப்பத்தா கொண்ட அச்சம் அறியாமை என்று தள்ளத்தக்கதன்று. அதற்கு வரலாறு உண்டு.

பகைவன் பணியாளன் ஆனான்

பிரியாத உயிரணுவின் பூட்டைத் திறக்க வல்லவன் இக்கிருமி என்று உணர்ந்த அறிஞர் சிலர், "இவனுடைய ஆயுதங்களைப் பறித்துவிட்டுச் சுமை தூக்க வைத்தால் என்ன?" என்று சிந்தித்தனர். லூயிஜி நல்தினியும் அவருடைய தோழர்களும் 1996இல் அமெரிக்காவில் இதைச் செய்து காட்டினர். நோய் விளைக்கும் மரபணுக்களை நீக்கிவிட்டு, வெறும் பேழையில் தாம் விரும்பிய மரபணுவை வைத்து வளர்ந்த எலியின் மூளையில் செலுத்தினர். என்றும் பிரியாத நரம்பணுக்களுக்குள் அது நுழைந்து பணிசெய்தது.

இத்தகைய 'லென்டிவைரஸ் ஊர்தி' எய்ட்ஸ் நோயைத் தர இயலாது. பெருகுவதற்குத் தேவையான மரபணுக்கள் அதனுள் இல்லை. சுமையை இறக்கியதோடு அதன் கதை முடிந்தது. வித்து நீக்கிய பழம் மீண்டும் முளைப்பதில்லையன்றோ?

இனி வேலூருக்கு வருவோம். 1986இல் அந்த ஆறு இரத்த மாதிரிகளைச் சோதித்த அதே கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில், அமெரிக்க எமரி பல்கலைக்கழகத்தாரோடு இணைந்து ஓர் ஆய்வு நடைபெற்றது. கடுமையான ஹீமோபிலியா ஏ நோயுடைய 5 ஆடவர். வயது 22 முதல் 41 வரை. அவர்களுடைய குருதித் தண்டணுக்கள் வெளியே எடுக்கப்பட்டன. லென்டிவைரஸ் ஊர்தியின் வழியாக எட்டாம் பொருளின் மரபணு அவற்றின் உட்கருவில் சேர்க்கப்பட்டது. பின்னர் அவ்வணுக்கள் அவரவர் உடலிலேயே மீண்டும் ஏற்றப்பட்டன. 2024 டிசம்பரில் முடிவு வெளியாயிற்று. ஐவரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதங்கள். அக்காலத்தில் ஒருவருக்கும் இரத்தக்கசிவு நோய் தலைகாட்டவில்லை. உலகில் இம்முறையால் இந்நோயை அடக்கிய முதல் ஆய்வு இது என்பது நமக்குப் பெருமை.

மகிழ்ச்சியும் எச்சரிக்கையும்

நற்செய்திதான், ஆயினும் முழுமையையும் கூறாவிடின் நாம் உண்மைக்குத் துரோகம் செய்தவராவோம்.

சிகிச்சை பெற்றவர் ஐவரே, அனைவரும் வளர்ந்தவர். மாற்றிய அணுக்கள் வேரூன்ற இடம் வேண்டும் என்பதற்காக, பழைய எலும்பு மஜ்ஜையைக் கடும் மருந்துகளால் முன்னதாக ஒழிக்க வேண்டும்; அது எளிய சிகிச்சையன்று. மேலும், புதிய மரபணு நம் இழையில் எந்த இடத்தில் போய் ஒட்டும் என்பது முழுதும் நம் கையில் இல்லை. தகாத இடத்தில் ஒட்டினால் புற்றுநோய் தோன்றலாம். இருபதாண்டுகளுக்கு முன் பிரான்சில், பழைய வகை ஊர்தியால் நோய் எதிர்ப்புக் குறை தீர்ந்த குழந்தைகள் சிலருக்கு இரத்தப்புற்று வந்தது. லென்டிவைரஸ் ஊர்தி அதைவிடப் பாதுகாப்பானது எனினும், மூளை நோய் ஒன்றிற்காக அதைப் பெற்ற 67 சிறுவருள் 7 பேருக்கு இரத்தப்புற்று வந்ததாக 2024இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே ஐவரையும் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும்.

வேறு வழியும் உண்டு. 'ஏ.ஏ.வி.' எனப்படும் மிகச் சிறிய வைரஸின் கூடு 25 நானோமீட்டரே. வாயிலில் தாராளமாக நுழையும். அதைக் கொண்டு கல்லீரலுக்கு மரபணுவைச் செலுத்தும் ஹீமோபிலியா மருந்து 2022இல் ஐரோப்பாவிலும் 2023இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. விலையோ நினைக்கவே மலைப்பூட்டுவது. அம்மரபணு இழையோடு பெரும்பாலும் ஒட்டாமல் தனியே தங்குவதால், வளரும் குழந்தையின் கல்லீரல் அணுக்கள் பிரியப் பிரிய அது நீர்த்துப்போகும்.

வம்சம் மாறுமா?

இனி அப்பத்தாவின் கேள்வி. வேலூர் முறையில் மாற்றப்படுவன குருதித் தண்டணுக்களே, பிள்ளைப்பேற்றுக்குரிய அணுக்களல்ல. ஆதலால் புதிய மரபணு அவ்வொருவரோடு நின்றுவிடும். பிள்ளை பேரர்க்குச் செல்லாது. திருச்சபையும் இவ்வேறுபாட்டையே வலியுறுத்துகிறது. 2008இல் வெளியான 'திக்னித்தாஸ் பெர்சோனே' என்னும் ஏடு, நோயாளியின் உடலணுக்களில் நோய் தீர்க்கச் செய்யப்படும் மரபணு மருத்துவத்தை, தக்க பாதுகாப்பும் நோயாளியின் இசைவும் இருப்பின், கொள்கையளவில் ஏற்கத்தக்கது என்கிறது. தலைமுறைகளுக்குக் கடத்தும் மாற்றத்தை, இன்றைய நிலையில் ஏற்கவில்லை.

மற்றொன்றையும் சொன்னோம். 2021இல் நம் மக்களுள் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு ஊசியும் அயல் டி.என்.ஏ.வை உட்கருவுக்குள் கொண்டு சென்றதுதான்! தீங்கற்றதாக்கப்பட்ட அடினோவைரஸ் அதன் ஊர்தி. அது உட்கரு வாயிலில் போய் ஒட்டித் தன் கூட்டை உடைத்துக்கொள்ள, டி.என்.ஏ. மட்டும் உள்ளே செல்லும். நம் இழையோடு ஒட்டாமல், விருந்தாளிபோல் சில காலம் தங்கி, கொரோனாவின் அடையாளத்தைக் காட்டிவிட்டு மறைந்துபோகும். "நானும் ரெண்டு ஊசி போட்டேனே!" என்று அப்பத்தா வியந்தார்.

அக்குடும்பத்திற்கு நாம் சொன்னது

"வேலூர்ச் சிகிச்சையை அஞ்சி வெறுக்கவும் வேண்டாம், நாளையே கிடைத்துவிடும் என்று நம்பி இன்றைய மருந்தைக் கைவிடவும் வேண்டாம். அது இன்னும் ஆய்வு நிலையில் உள்ளது. எட்டாம் பொருளைத் தமிழக அரசு மருத்துவமனைகளில் விலையின்றிப் பெறலாம். கசிவு தொடங்கிய சில மணி நேரத்திற்குள் ஏற்றினால் மூட்டு பிழைக்கும். ஆஸ்பிரின் மாத்திரை கூடவே கூடாது. மருத்துவர் அறியாமல் தசையில் ஊசி போடலாகாது. பள்ளி ஆசிரியர்க்கு நோயைச் சொல்லிவையுங்கள், மறைக்காதீர்கள். இவன் வளர்ந்து ஆளாகும்போது அச்சிகிச்சை முதிர்ந்திருக்கலாம். அந்நாளில் அவன் நடந்து போய் அதைப் பெறவேண்டுமானால், இன்று அவன் முழங்காலைக் காக்க வேண்டும்."

பின்னர், நோய் தாய்வழி வந்தாலும் தாயின் குற்றமன்று என்பதையும், புதிய பிழையாகவே தோன்றியிருக்கக்கூடும் என்பதையும் எடுத்துரைத்தோம். அதுவரை வாய் திறவாதிருந்த அந்தத் தாய், "அப்படியானால் என்னால் இல்லையா ஐயா?" என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் நெஞ்சில் பூட்டிக் கிடந்த கேள்வி அது.

நாம் விடை சொல்லுமுன் அப்பத்தா எழுந்து மருமகளிடம் சென்றார். "அழாத ஆத்தா. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன்" என்றார்.

அறிவியல் உட்கருவின் கதவைத் திறக்கப் பல்லாண்டுகள் பாடுபட்டது. வீட்டிற்குள் மூடிக்கிடக்கும் கதவுகள் சிலவற்றைத் திறக்க, உண்மையை அன்போடு சொன்னாலே போதும்.